கைக்குழந்தையும் கடன் திருநாளும்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



வீடு சந்திக்கப் போகும்போது, பிள்ளை பெற்று ஒன்றிரண்டு மாதமான தாய்மார்களிடம் நான் அடிக்கடி கேட்கும் வருத்தம் ஒன்று உண்டு. "சாமி, பூசைக்கு வந்து ரெண்டு மாசமாச்சு. செபமாலை சொல்ல உட்கார்ந்தா ரெண்டாவது பத்துக்குள்ள பிள்ளை அழுதுருது. கடவுளை விட்டுத் தூரமாப் போயிட்டேனோன்னு இருக்கு." சில வீடுகளில் பெரியவர்கள் இதோடு இன்னொன்றையும் சேர்த்து விடுகிறார்கள்: "நாப்பது நாள் கழியாம கோவில் வாசப்படி மிதிக்கக் கூடாது, தீட்டு." இந்த இரண்டைப் பற்றியும் திருஅவை என்ன சொல்கிறது என்று இன்று பார்ப்போம்.

முதலில் ஞாயிறு திருப்பலி. ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடன் திருநாள்களிலும் திருப்பலியில் பங்கேற்பது நம் கடமை. ஆனால் தக்க காரணம் இருந்தால் அந்தக் கடமை நம்மைக் கட்டாது. கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூல் 2181-ஆம் எண்ணில் அப்படிப்பட்ட காரணங்களுக்கு எடுத்துக்காட்டாக இரண்டைச் சொல்கிறது. ஒன்று நோய். மற்றொன்று கைக்குழந்தையைப் பராமரிப்பது. யாரோ ஒரு சாமியார் இரக்கப்பட்டுக் கொடுத்த சலுகை அல்ல இது. உலகத் திருஅவையின் போதனை. ஆகவே, பால்குடிப் பிள்ளையை விட்டு வர முடியாமல் வீட்டில் இருக்கும் தாய் பாவம் செய்யவில்லை. அவர் மனம் உறுத்தத் தேவையில்லை.

அடுத்து, தீட்டு. பழைய ஏற்பாட்டில் லேவியர் நூல் 12-ஆம் அதிகாரம் ஆண் குழந்தை பெற்றவளுக்கு 40 நாளும், பெண் குழந்தை பெற்றவளுக்கு 80 நாளும் தூய்மைச் சடங்குக்கு முன் காத்திருக்கச் சொன்னது உண்மைதான். அன்னை மரியாவும் அந்தச் சட்டத்துக்குப் பணிந்தார். லூக்கா நற்செய்தி 2-ஆம் அதிகாரத்தில், ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாத ஏழைகள் கொடுக்கும் புறாக் காணிக்கையைத்தான் திருக்குடும்பம் கொடுக்கிறது. ஆனால் அந்தத் தூய்மைச் சட்டங்கள் கிறிஸ்தவர்களைக் கட்டுப்படுத்துவதில்லை. இங்கிலாந்தில் நற்செய்தி அறிவித்த கான்டர்பரி புனித அகுஸ்தினார் இதே கேள்வியைத் திருத்தந்தை பெரிய கிரகோரியாரிடம் கேட்டார். 601-ஆம் ஆண்டில் வந்த பதிலை வரலாற்றாசிரியர் புனித பீட் எழுதி வைத்திருக்கிறார்: பிள்ளை பெற்ற அதே மணி நேரத்தில் ஒரு தாய் நன்றி சொல்லக் கோவிலுக்குள் வந்தாலும் அது பாவமே இல்லை.

"அப்படியானால் அந்தக் காலத்தில் தாயைக் கோவில் வாசலிலேயே நிறுத்தி மந்திரிப்பார்களே?" என்று மூத்தவர்கள் கேட்கலாம். 1614-ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூலில் அந்த ஆசீர் உண்டு. தாய் எரியும் மெழுகுதிரியோடு வாசலில் மண்டியிட்டிருப்பார். குரு தம் தோள்துகிலின் நுனியை அவர் கையில் கொடுத்து உள்ளே அழைத்து வருவார். கழுவிச் சேர்க்கும் சடங்கல்ல அது. சாவின் விளிம்பு வரை போய் உயிரோடு திரும்பியவளுக்குத் திருஅவை காட்டிய மரியாதை, அவளோடு சேர்ந்து சொன்ன நன்றி. இன்று அந்த ஆசீர் குழந்தையின் திருமுழுக்குச் சடங்கோடு சேர்ந்துவிட்டது. 1969-இல் வெளிவந்த குழந்தைத் திருமுழுக்குச் சடங்கின் முடிவில், குரு முதலில் ஆசீர்வதிப்பது குழந்தையைக் கையில் ஏந்திய தாயை. பிறகுதான் தந்தை, பிறகுதான் நாம் எல்லாரும். பிப்ரவரி 2-ஆம் நாள் விழாவும் அன்னை மரியாவின் தூய்மைச் சடங்கு விழா என்ற பழைய பெயரை விட்டு, ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக அர்ப்பணித்த விழாவாகவே கொண்டாடப்படுகிறது.

பச்சை உடம்புக்காரிக்கு ஓய்வு வேண்டும் என்று நாற்பது நாள் வீட்டில் வைத்துப் பூண்டும் பத்தியமும் கொடுப்பது நல்ல வழக்கம். அதை விட வேண்டாம். அவளைத் தீட்டு என்று ஒதுக்குவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

இப்போது தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் கேட்கும். இரவும் பகலும் அதற்கு ஒன்றுதான். துறவு மடங்களில் மணி அடித்ததும் எழுந்து செபிக்கப் போவார்கள். உங்கள் வீட்டு மணி பிள்ளையின் அழுகை. புனித வின்சென்ட் தே பவுல் தம் சகோதரிகளிடம், செப நேரத்தில் ஏழை ஒருவர் தேடி வந்தால் செபத்தை விட்டுவிட்டு எழுந்து போங்கள், நீங்கள் கடவுளை விட்டுக் கடவுளிடமே போகிறீர்கள் என்ற பொருளில் சொல்லி வந்தார். செபமாலையைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கும் தாய்க்கும் அது பொருந்தும். பசித்தவருக்கு உணவும் ஆடையற்றவருக்கு ஆடையும் கொடுத்தீர்களா என்றுதான் இறுதித் தீர்ப்பில் ஆண்டவர் கேட்பார் என மத்தேயு 25-ஆம் அதிகாரம் சொல்கிறது. பச்சைக் குழந்தையைவிடப் பசித்தவர், ஆடையற்றவர் யார்?

ஐம்பத்து மூன்று மணிகளை முடிக்க வேண்டும் என்று உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள். திருமுழுக்கு நாளில் நீங்கள் குழந்தையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்தீர்கள் அல்லவா? ஒவ்வொரு முறை பால் கொடுக்கும் முன்னும் அதையே செய்யுங்கள். ஒரே ஒரு அருள் நிறைந்த மரியே போதும். கண் சொருகிப் பாதியில் நின்றாலும் ஆண்டவர் மீதியைக் கேட்டுக்கொள்வார்.

மற்ற நமக்கும் கடமை உண்டு. இந்தப் பகுதியில் விடியுமுன்பே ஜீப்புகள் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்குப் போகின்றன. ஊருக்குள் ஏலக்காய் தரம் பிரிக்கவும் பெண்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். மகப்பேற்றுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று சட்டம் இருக்கிறது. தினக்கூலிக்கு ஜீப் ஏறும் பெண்ணுக்கு அது எளிதில் எட்டுவதில்லை. ஏழைத் தாய்மார்களுக்கு 18,000 ரூபாய் மதிப்பில் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் தரும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பதிந்தாயிற்றா என்று அன்பியத்தில் ஒருவராவது விசாரியுங்கள். ஒரு வேளைக் குழம்பு கொண்டு போங்கள். கணவர்மார்களே, காலைத் திருப்பலிக்கு நீங்கள் போய் வந்தால், மாலையில் பிள்ளையை வாங்கிக்கொண்டு மனைவியை அனுப்புங்கள்.

கோவிலில் குழந்தை அழுதால் திரும்பி முறைக்காதீர்கள். 2015 சனவரியில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்தபோது, பிள்ளை பசித்து அழுதால் அங்கேயே பால் கொடுங்கள் என்று தாய்மாரிடம் சொன்னவர் திருத்தந்தை பிரான்சிஸ்.

பெண் பிள்ளை பிறந்தது என்று முகம் சுளிக்காதீர்கள். 2001-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை நம் தேனி மாவட்டத்துக்கும் கொண்டுவர வேண்டியிருந்ததை நாம் மறக்கக் கூடாது. ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தந்தையின் உயிரணு. அதற்குத் தாயை ஏசுவது அநியாயம், பாவமும்கூட.

கடைசியாக ஒன்று. பிள்ளை பெற்றவள் காரணமின்றி அழுகிறாள், தூங்குவதில்லை, பிள்ளையைத் தொடவே மாட்டேன் என்கிறாள் என்றால், "காத்துக் கருப்பு" என்று மந்திரிக்கக் கூட்டிப் போகாதீர்கள். விசுவாசக் குறைவு என்றும் ஏசாதீர்கள். உலகில் குழந்தை பெற்ற பெண்களில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு, பெரும்பாலும் மனச்சோர்வு, வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அது நோய். அதற்கு மருத்துவம் உண்டு. அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்வேன் என்று சொன்னாலோ, பிள்ளைக்குத் தீங்கு வந்துவிடுமோ என்று தோன்றினாலோ ஒரு நொடியும் தனியே விடாமல் உடனே மருத்துவரிடம் கொண்டு போங்கள். செபமும் செய்வோம், மருந்தும் கொடுப்போம்.

அன்புத் தாய்மார்களே, உங்களால் கோவிலுக்கு வர முடியாத வாரங்களில் கோவில் உங்களிடம் வர வேண்டும். அன்பியப் பொறுப்பாளரிடம் ஒரு சொல் சொல்லி அனுப்புங்கள். நற்கருணை எடுத்துக்கொண்டு நாங்கள் வருகிறோம்.

மாட்டுத் தொழுவத்தில் மகனைப் பெற்று, இரவெல்லாம் விழித்துப் பாலூட்டிய அன்னை மரியா உங்களுக்காகப் பரிந்து பேசுவாராக. எல்லாம் வல்ல இறைவன் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.