பற்றரியும் பில்லும்: தோட்டத்து வீடுகளுக்குச் சில விஷயங்கள்

2025 நவம்பர் 28ஆம் திகதி டித்வா புயல் கரையேறியபோது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன, வீதிகள் அறுந்தன, கரண்ட் நின்றது. பல தோட்டங்களுக்கு அது திரும்பிவர நாட்கள் பிடித்தன. கொழும்பில் வேலைக்குப் போயிருந்த பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் பார்த்தார்கள், போன் அணைந்திருந்தது. டவர் விழுந்ததா, பற்றரி தீர்ந்ததா, ஆட்களுக்கே ஏதும் ஆகிவிட்டதா என்று பிரித்தறிய வழியில்லாமல் தவித்தார்கள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மஞ்சளிலிருந்து செம்மஞ்சளுக்கு, செம்மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறும் செய்தி இன்று லயத்துக்குப் பெரும்பாலும் போன் வழியாகத்தான் வருகிறது. சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு, எச்சரிக்கையின் அருமையை நம் மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990 அம்பியூலன்ஸை அழைக்கவும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழைக்கவும் அதே போன்தான் வேண்டும். அதனால் பற்றரியைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை.

காசுக் கணக்கையும் பார்க்க வேண்டும். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் என வர்த்தமானியில் வந்தது. அந்தக் கணக்கில் 40,000 ரூபாய் போன் என்பது முப்பது நாள் கொழுந்து. நாலு வருடம் உழைக்க வேண்டிய போன் இரண்டே வருடத்தில் பற்றரி செத்துக் கிடந்தால், பாதி உழைப்பு வீணாய்ப் போனதாகத்தான் அர்த்தம்.

மலையகத்தில் பற்றரி சீக்கிரம் இறங்குவதற்குப் பலர் குளிரைக் குறை சொல்கிறார்கள். குளிரில் பற்றரி கொஞ்சம் சோர்ந்து போவது உண்மைதான், ஆனால் சூடேறியதும் அது மீண்டுவிடும். லித்தியம் பற்றரியை நிரந்தரமாகக் கெடுப்பது வெப்பம். கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் காற்று பற்றரிக்கு நல்லதே. உறைபனி விழும் ஜனவரி விடியலில் மட்டும், சில்லிட்டுக் கிடக்கும் போனை உடனே சார்ஜில் போடாமல் சற்று வெதுவெதுப்பான பிறகு போடுங்கள்.

இங்கே பற்றரியைத் தின்னும் பெரிய காரணம் சிக்னல். பள்ளத்தாக்கிலும் மலை மடிப்பிலும் சிக்னல் ஒரு கோட்டுக்குக் கீழே இறங்கும்போது, டவரை எட்டிப்பிடிக்க போன் தன் முழுப் பலத்தோடு அலை அனுப்பிக்கொண்டே இருக்கும். மலையில் கொழுந்து எடுக்கும் நேரம் முழுக்க படங்குக்குள் கிடக்கும் போன் ஒரு அழைப்பும் வராமலே மத்தியானத்துக்குள் பாதியாகிவிடுவது இதனால்தான். பெரட்டு முடிந்து மலைக்கு ஏறும்போது விமானம் படம் போட்ட பொத்தானை அழுத்தி வையுங்கள்; சிக்னல் உள்ள மேட்டில் நின்று எடுத்துப் பாருங்கள். வீட்டில் சின்னப் பிள்ளையோ நோயாளியோ இருந்து, போன் திறந்தே இருக்க வேண்டுமென்றால் டேட்டாவையும் இருப்பிடம் காட்டும் வசதியையும் அணைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். திரை வெளிச்சத்தைக் குறைப்பதும் அப்படியே.

இனி சார்ஜ். புதுப் போனை முதல் நாள் எட்டு மணித்தியாலம் சார்ஜில் போடவேண்டும், முழுசாக இறங்கிய பிறகுதான் திரும்ப ஏற்றவேண்டும் என்று டவுன் கடைகளில் இன்றும் சொல்கிறார்கள். அது பழைய நிக்கல் பற்றரிக் காலத்துப் பேச்சு. லித்தியம் பற்றரிக்கு அடியோடு இறங்குவதும் ஆகாது, நூறு சதவீதத்தில் மணிக்கணக்காக நிற்பதும் ஆகாது. இருபதுக்கும் எண்பதுக்கும் இடையில் வைத்திருந்தால் நீண்ட நாள் உழைக்கும். எண்பதோடு நிறுத்தும் வசதி இப்போது பல போன்களில் இருக்கிறது. ஆனால் கனமழை எச்சரிக்கை வந்த நாளில் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். நூறுக்கே ஏற்றுங்கள், பவர் பேங்கையும் நிரப்புங்கள்.

இரவுச் சார்ஜைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. குளிருக்குக் கம்பளியை இழுத்துப் போர்த்திப் படுக்கும் காம்பராவில், தலையணைக்குக் கீழே சார்ஜில் கிடக்கும் போன் வெப்பத்தை வெளியே விட வழியில்லாமல் சூடேறுகிறது. பற்றரி கெடுவது அதில் சின்ன நட்டம். ஒரே பிளக்கிலிருந்து வயர் இழுத்து டிவி, கேத்தல், மூன்று சார்ஜர் என்று மாட்டியிருக்கும் வீடுகள் நிறைய. பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் ஒரே கூரைக்குக் கீழே ஒட்டி நிற்கும் லயத்தில், ஒரு வீட்டு மின்னொழுக்கு பத்து வீட்டுச் சாமானையும் பிறப்புச் சான்றிதழ்களையும் சாம்பலாக்கிவிடுகிறது. லயன் தீ பற்றிய செய்தி நமக்குப் புதிதல்ல. போனைச் சீமெந்துத் தரையிலோ பீங்கான் தட்டிலோ வைத்து, ஆட்கள் விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் பண்ணுங்கள். துணி காயப்போடும் அடுப்படிக்குப் பக்கத்தில் எக்காரணத்துக்காகவும் வேண்டாம். மழையில் நனைந்த போனையும் அடுப்பில் வாட்டக்கூடாது. அணைத்துத் துடைத்து, சார்ஜ் துளை நன்றாகக் காய்ந்த பிறகே வயரைச் செருக வேண்டும்.

பற்றரி ஊதியிருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பொத்தான் போனாக இருந்தால் பற்றரியைக் கழற்றி மேசைமேல் வைத்துச் சுண்டிவிடுங்கள். தட்டையான பற்றரி அசைந்து நின்றுவிடும். வயிறு ஊதியது சுற்றும். தொடுதிரைப் போனில் பின்மூடி விளிம்பு மேலெழும்பியிருக்கும், அல்லது திரை ஓரத்தில் இடைவெளி தெரியும். அப்படிக் கண்டால் அன்றோடு அதைச் சார்ஜில் போடுவதை நிறுத்துங்கள். குத்தவோ அமுக்கவோ கூடாது. அடுப்பில் எறிவதும் ஆற்றில் போடுவதும் அதைவிட ஆபத்து. மின்னணுக் கழிவை 2008 பெப்ரவரி 1ஆம் திகதிய வர்த்தமானி ஒழுங்குவிதிகள் அபாயக் கழிவாகவே பட்டியலிட்டுள்ளன. அதை மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் சேர்க்க வேண்டும்.

நம் தோட்டங்களில் வருடக்கணக்காக உழைத்த நோக்கியா பொத்தான் போன்களின் பிஎல்-5சி பற்றரியை நினைவிருக்கும். 2005 டிசம்பருக்கும் 2006 நவம்பருக்கும் இடையில் மட்சுஷிடா நிறுவனம் செய்த 4 கோடி 60 லட்சம் பற்றரிகள் சார்ஜில் அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்று 2007 ஓகஸ்டில் நோக்கியா தானே அறிவித்து, இலவசமாக மாற்றித் தந்தது. பற்றரி கெடுவது எப்போதும் பாவிப்பவரின் தவறு இல்லை. அப்படியிருக்க, கடைக்காரர் "நீங்க ஒழுங்கா சார்ஜ் பண்ணலம்மா" என்றதும் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிவரும் பழக்கத்தை நாம் விடவேண்டும்.

பவர் பேங்க் விஷயத்தில் ஏமாற்று இன்னும் அதிகம். 10,000 மில்லி அம்பியர் மணி என்றால் அதற்குள் இருப்பது 37 வொட் மணி. அது 5000 அளவுள்ள ஒரு போனை ஏறக்குறைய ஒன்றரைத் தடவை நிரப்பும், அவ்வளவுதான். உள்ளங்கைக்குள் அடங்கி, சோப்புக் கட்டி எடைகூட இல்லாத ஒன்றில் 50,000 என்று அச்சடித்திருந்தால் அது பொய். வொட் மணி அளவு எழுதாத பவர் பேங்கை வாங்காதீர்கள். வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தும் வியாபாரத்தை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் 30ஆம் பிரிவில் தடைசெய்கிறது.

அதே சட்டத்தின் 13ஆம் பிரிவை ஒவ்வொரு லயத்திலும் ஒருவராவது தெரிந்து வைத்திருக்க வேண்டும். வெளிப்படையாகச் சொன்ன உத்தரவாதமோ, பொருளோடு தானாக வரும் உத்தரவாதமோ, அதற்கு ஒத்துவராத பொருளை விற்றிருந்தால் அதிகார சபையிடம் முறையிடலாம். விசாரித்தபின் நட்டஈடு கொடுக்கவோ, வேறு பொருள் தரவோ, காசைத் திருப்பவோ அது உத்தரவிட முடியும். ஒரு நிபந்தனை முக்கியம்: வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், எழுத்து மூலம் முறையிட வேண்டும். "இன்னும் ஒரு மாசம் பாவிச்சுப் பாருங்க" என்று கடைக்காரர் இழுத்தடிக்கும்போது ஓடிப்போவது இந்த மூன்று மாதம்தான். தமிழிலேயே எழுதலாம், தமிழ் அரசகரும மொழி. கேட்டால் பில் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை.

மூன்று மாதம் கடந்துவிட்டால் எல்லாம் முடிந்ததென்றும் இல்லை. வொரண்டி காலம் இருக்கும்வரை கடைக்கும் இறக்குமதி நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு. விற்கும் பொருள் உரிய தரத்தில் இருக்கவேண்டும் என்பதை 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமே சொல்லி வைத்திருக்கிறது. சட்டத்தரணி இல்லாமலே பிணக்கைப் பேசித் தீர்க்க மத்தியஸ்த சபையும் இருக்கிறது.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் கையில் ஒரு கடதாசி வேண்டும். நம் பலவீனம் அங்கேதான். சம்பள நாள் பார்த்து லயத்து வாசலுக்கே சாமான் கொண்டுவருபவரிடம் தவணைக்குப் போன் வாங்கும்போது பெயர் மட்டும் அவர் கொப்பியில் ஏறுகிறது, நம் கையில் ஒன்றும் வருவதில்லை. பில், கடையின் பெயர், முகவரி, போனின் ஐஎம்இஐ இலக்கம், வொரண்டி எத்தனை நாள் என்பது எல்லாம் எழுத்தில் வேண்டும். ஒரு வருடம் என்று வாயால் சொல்லி அட்டையில் 350 நாள் என்று எழுதும் கடைகள் உண்டு. பற்றரிக்கும் சார்ஜருக்கும் தனியாக எத்தனை மாதம் என்று அட்டையில் பாருங்கள். காசு கொடுக்கும் முன் *#06# அடித்தால் 15 இலக்க ஐஎம்இஐ வரும். ஆங்கிலத்தில் ஐஎம்இஐ என்று அடித்து, இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தைச் சேர்த்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் அந்தப் போன் உள்ளதா எனத் தெரிந்துவிடும்.

அடுத்த மழைக்காலத்துக்கு ஒரு ஏற்பாடு இப்போதே செய்து வைக்கலாம். கரண்ட் போன உடனே லயத்தில் எல்லாப் போனையும் திறந்து வைக்காதீர்கள். முறை வைத்து ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திறந்து, மற்றவற்றை அணைத்து வையுங்கள். பத்துப் போன் ஒரே நாளில் சாவதற்குப் பதில் லயம் முழுவதற்கும் பல நாள் தொடர்பு இருக்கும். சிக்னல் மங்கலாக இருந்தால் பேசுவதைவிடக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். எந்த வீட்டுப் போன் எப்போது திறந்திருக்கும் என்பதை வெளியூரிலுள்ள பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வீட்டிலுள்ள ஒவ்வொரு போனின் பில்லையும் வொரண்டி அட்டையையும் இன்றிரவே தேடியெடுத்துப் படம் பிடித்து, நம்பிக்கையான இன்னொருவருக்கு அனுப்பி வையுங்கள். வாங்கி மூன்று மாதம் ஆகாத சாமானில் குறை இருந்தால் நாளைக்கே 1977க்கு அழையுங்கள், முறைப்பாட்டை எழுத்திலும் அனுப்புங்கள். அது நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம்.