படிக்கும்போதே வளரும் கடன்

குடும்ப வரவு செலவைத் திட்டமிடுவது பெற்றோரின் பொறுப்பு, மாணவருக்கு அதில் வேலையில்லை என்று நம்மில் பலர் எண்ணுவதுண்டு. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே பயில்வோரிற் பலர் ஊர்ப் பாங்கில் கல்விக் கடன் பெற்றே படிக்கின்றனர். அந்தக் கடன் பத்திரத்தில் மாணவரின் கையெழுத்தோடு தந்தையின் அல்லது தாயின் கையெழுத்தும் இருக்கிறது. கையெழுத்திட்ட அன்றே நாமும் குடும்பக் கணக்கில் பங்குதாரர் ஆகிவிட்டோம். ஆகவே அக்கடன் எப்படி வளர்கிறது என்பதை அறிந்துகொள்வது நம் கடமையன்றோ?

கல்விக் கடனில் ஒரு சலுகை உண்டு. படிக்கும் காலத்திலும், பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டு வரையிலும் தவணை கட்டவேண்டியதில்லை. தவணை இல்லை என்பதால் வட்டியும் இல்லை என்று பலர் பொருள் கொள்கின்றனர். அது சரியன்று. பணம் நம் கைக்கோ கல்லூரிக்கோ வந்த நாள் முதல் வட்டி ஏறிக்கொண்டே இருக்கிறது. இக்காலத்தில் அது தனி வட்டியாகக் கணக்கிடப்படும். தவணை தொடங்கும் நாளில் அவ்வளவும் முதலோடு சேர்ந்துவிடும். அதன்பின் வட்டிக்கும் வட்டி கட்டவேண்டியதுதான்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். நான்காண்டுப் படிப்புக்கு, ஆண்டுத் தொடக்கந்தோறும் ரூ. 1,00,000 வீதம், நூற்றுக்குப் பத்து வட்டியில் ஒரு மாணவர் கடன் பெறுகிறார் என்று கொள்வோம். முதலாண்டு வட்டி ரூ. 10,000. அடுத்த ஆண்டுகளில் முறையே 20,000, 30,000, 40,000. படிப்பு முடிந்த ஓராண்டுக்கு மேலும் 40,000. ஆக ரூ. 1,40,000 வட்டி சேர்ந்து, நான்கு லட்சம் என்று நாம் நினைத்திருந்த கடன் ரூ. 5,40,000 ஆகி நிற்கிறது. அதைப் பத்தாண்டில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 7,136, மொத்தம் சுமார் 8 லட்சத்து 56 ஆயிரம். அந்த வட்டியை அவ்வப்போதே கட்டி வந்திருந்தால் தவணை ரூ. 5,286தான். முன்பே கட்டிய வட்டியைச் சேர்த்துப் பார்த்தாலும் சுமார் 82 ஆயிரம் ரூபாய் மிச்சம்!

மாதத் தவணை குறைகிறதே என்று காலத்தைப் பதினைந்து ஆண்டாக நீட்டுவோரும் உண்டு. அப்போது தவணை ரூ. 5,803 ஆகும். ஆனால் மொத்தம் கட்டுவது 10 லட்சத்து 44 ஆயிரத்தைத் தாண்டும். தவணை சிறிதாகத் தெரிவதால் கடன் சிறிதாகிவிடுவதில்லை.

இனி நாம் செய்யக்கூடியவை யாவை?

முதலாவது, அரசின் வட்டி உதவி. ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்து மாணவர், அங்கீகாரம் பெற்ற தொழிற்கல்வி அல்லது தொழில்நுட்பக் கல்வி பயின்றால், தவணை தொடங்கும்வரை உள்ள வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009ஆம் ஆண்டு முதல் இருந்துவருகிறது. 2024இல் அறிவிக்கப்பட்ட வித்யாலக்ஷ்மி திட்டம், தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களில் பயில்வோருக்கு, 8 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பமாயின், மூன்று சதவீத வட்டி உதவி தருகிறது. தகுதி இருந்தாலும் விண்ணப்பியாமல் கிடைப்பதில்லை. விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது தாசில்தார் அலுவலகத்தில் வருமானச் சான்று பெற்று, பாங்கில் நேரில் விசாரிப்பது நலம்.

இரண்டாவது, உதவி கிடைக்காதவர்கள் வட்டியையேனும் இயன்ற அளவு கட்டி வரலாம். மேற்கண்ட கணக்கில் முதலாண்டு வட்டி மாதம் ரூ. 833தான். ட்யூஷன் சொல்லிக்கொடுத்தோ உதவித்தொகையில் மிச்சம் பிடித்தோ அதிற் பாதியைக் கட்டினாலும் பயன் உண்டு. படிக்கும் காலத்தில் வட்டியைத் தவறாது கட்டுவோருக்கு ஒரு சதவீதம் குறைத்துக்கொள்ளும் பாங்குகளும் உள்ளன.

மூன்றாவது, காப்பீடு. சொல்லத் தயங்கும் செய்திதான், ஆயினும் சொல்லவேண்டும். நமக்கு ஏதேனும் நேர்ந்தால் உடன் கையெழுத்திட்ட பெற்றோர் தலையில் அக்கடன் விழும். 18 முதல் 50 வயது வரை பாங்குக் கணக்குள்ள எவரும் சேரக்கூடிய பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தில், ஆண்டுக்கு 436 ரூபாய் கட்டினால் 2 லட்சம் ரூபாய்க்குக் காப்பீடு உண்டு. வேலை கிடைத்தபின் முழுக் கடனுக்கும் ஈடாகக் காலவரைக் காப்பீடு எடுத்துக்கொள்ளலாம்.

நான்காவது, முதற் சம்பளம். முதலில் இரண்டு மூன்று மாதச் செலவுக்கான பணத்தைத் தனியே ஒதுக்கவேண்டும். வேலை போனாலும் தவணை தவறாமல் அது காக்கும். அதன்பின் மிஞ்சுவதைக் கடனில் கூடுதலாகக் கட்டலாம். மாறும் வட்டியிலுள்ள தனிநபர் கல்விக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வசூலிக்கக் கூடாது என்பது ரிசர்வ் பாங்கின் விதி. புதிய மோட்டார் சைக்கிளுக்கு இன்னொரு கடன் வாங்குமுன் பழைய கடனின் மீதியை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

வேலை கிடைக்கத் தாமதமானால்? ஒளியவேண்டாம். தவணை தவறுமுன்பே பாங்கு மேலாளரைக் கண்டு, எழுத்து மூலம் நிலைமையைத் தெரிவித்துக் காலம் கேட்கவேண்டும். கேளாமல் தவறினால் கடன் வரலாற்றுப் பதிவேட்டில் நம் பெயர் மட்டுமன்று, பெற்றோரின் பெயரும் கெடும். பிறகு தங்கை படிப்புக்குத் தந்தை கடன் கேட்கச் சென்றால், பாங்கு முதலில் புரட்டிப் பார்ப்பது அந்தப் பதிவேட்டைத்தான்.

நண்பர்களே, இதற்கெல்லாம் பொருளாதாரப் பட்டம் வேண்டியதில்லை. ஒரு தாளும் பேனாவும் போதும். எவ்வளவு பெற்றோம், வட்டி என்ன, இன்றுவரை ஏறியது எவ்வளவு, தவணை தொடங்கும் மாதம் எது என்ற நான்கு விவரங்களை இந்த வாரமே எழுதி, ஒரு படியை வீட்டுக்கும் அனுப்புங்கள். கடனைப் பற்றிய கவலையைத் தனியே சுமந்துவரும் பெற்றோருக்கு, பிள்ளையும் கணக்கைப் பார்க்கிறான், பார்க்கிறாள் என்பதே பெரிய ஆறுதல்.