மறுபடியும் சுவைத்தபோது

(தொடர்: மண்ணும் மதுவும் – 12)

பாரிஸ் இன்டர்கான்டினென்டல் ஓட்டலில் 1976 மே 24 அன்று நடந்த ஒயின் போட்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள், முதலிடம் பிடித்த இரண்டு கலிஃபோர்னிய ஒயின்களோடு கதையை முடித்துக்கொள்வது வழக்கம். சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப், வெள்ளையில் ஷதோ மோன்டலீனா. ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வணிகர் நடத்திய அந்தப் போட்டியில் பிரெஞ்சு நடுவர்கள் புட்டியின் பெயர் தெரியாமல் ருசித்தார்கள். ருசித்து, தங்கள் நாட்டின் பெரிய பெயர்களைத் தாண்டி அமெரிக்க ஒயினுக்கு மதிப்பெண் போட்டுவிட்டார்கள். அந்தச் செய்தி பெரிதாகப் பேசப்பட்டது. சிவப்புப் பட்டியலில் ஐந்தாவதாக வந்த ஒயினைப் பற்றி அப்போது அதிகம் பேச்சில்லை. அதன் பெயர் ரிட்ஜ் மான்டே பெல்லோ, 1971 ஆம் ஆண்டு அறுவடை.

இந்த வாரம் அந்த ஐந்தாம் இடத்தின் கதை.

தோற்ற தரப்பிலிருந்து அன்றே ஒரு வாதம் கிளம்பியது. கலிஃபோர்னிய ஒயின்கள் இளமையிலேயே பழச்சுவையைக் கொட்டி மயக்கிவிடும், பிரான்சின் போர்தோ ஒயினோ மெதுவாகத்தான் திறக்கும், பத்து இருபது வருடம் கழித்து வையுங்கள் போட்டியை என்றார்கள். நியாயமான வாதம்தான். நல்ல சிவப்பு ஒயினை ஐந்து வயதில் எடைபோடுவது அவசரம்.

அதையும் வைத்துப் பார்த்தார்கள். 1986இல் நியூயார்க்கில் அதே சிவப்பு ஒயின்களை மீண்டும் திறந்தபோது மான்டே பெல்லோ இரண்டாம் இடத்துக்கு ஏறியிருந்தது. 2006 மே 24 அன்று, சரியாக முப்பதாவது ஆண்டு நாளில், லண்டனிலும் கலிஃபோர்னியாவின் நாபாவிலும் ஒரே சமயத்தில் சோதனை நடந்தது. அதே பத்து ஒயின்கள், அதே அறுவடை ஆண்டுகள். இரண்டு ஊர் நடுவர்களின் மதிப்பெண்ணையும் கூட்டியபோது மான்டே பெல்லோ 1971 முதலிடம். இரண்டாவதாக வந்த ஸ்டாக்ஸ் லீப்பைவிட 18 புள்ளிகள் கூடுதல். முதல் ஐந்து இடங்களும் கலிஃபோர்னியாவுக்கே போயின. 1976இல் இரண்டாம் இடம் பெற்ற போர்தோவின் ஷதோ முத்தோன் ரோத்ஷீல்ட் ஆறாவதாக வந்தது. போர்தோ தரப்பு கேட்ட கால அவகாசம் போர்தோவுக்கு உதவவில்லை.

முப்பத்தைந்து வயதில் முதலிடத்துக்கு வர அந்த ஒயினுக்குள் என்ன இருந்தது? அதற்கு மலை ஏற வேண்டும்.

குப்பர்டினோ என்றால் நம் வாசகர்களுக்கு ஆப்பிள் நிறுவனம் நினைவுக்கு வரும். உறவினர் வீட்டுப் பிள்ளை ஒருவரும் நினைவுக்கு வரலாம். அந்த ஊருக்கு மேற்கே சான்டா குரூஸ் மலைத்தொடர் எழுகிறது. அதன் ஒரு முகட்டில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டரில் தொடங்கி 800 மீட்டர் வரை ஏறிப்போகிறது மான்டே பெல்லோ தோட்டம். ஒரு பக்கம் சிலிக்கான் பள்ளத்தாக்கு, மறுபக்கம் பசிபிக் கடலை நோக்கிய மலைகள். சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவு பக்கத்திலேயே ஓடுகிறது. கலிஃபோர்னியாவில் அரிதான சுண்ணாம்புப் பாறை இங்கே பச்சைப்பாறை கலந்த மண்ணுக்கு அடியில் கிடக்கிறது. கடற்காற்றின் குளிர்ச்சியில் பழம் நிதானமாகப் பழுக்கிறது. வெயில் கொளுத்தும் இடத்துத் திராட்சையில் சர்க்கரை ஏற ஏற புளிப்பு இறங்கிவிடும். இங்கே புளிப்பு தங்குகிறது. பின்னால் வரப்போகும் எல்லாவற்றுக்கும் இந்தப் புளிப்புதான் அடிப்படை.

இந்த மலையில் முதலில் கொடி நட்டவர் ஒசேயா பெரோனே. சான் பிரான்சிஸ்கோவில் வாழ்ந்த இத்தாலிய மருத்துவர். 1885இல் 180 ஏக்கர் வாங்கி, சரிவுகளைப் படிப்படியாக வெட்டித் திருத்தி, மலையைக் குடைந்து மூன்று அடுக்கில் ஒயின் ஆலை கட்டினார். 1892இல் முதல் மான்டே பெல்லோ ஒயின் வந்தது. பிறகு 1920இல் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு வந்து, பதின்மூன்று ஆண்டுகள் நீடித்தது. தோட்டம் கவனிப்பாரற்றுப் போனது. 1940களில் வில்லியம் ஷார்ட் என்ற இறையியலாளர் அக்கம்பக்கத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு தோட்டத்தை வாங்கி, சில துண்டு நிலங்களில் கபெர்னே சொவிஞோன் கொடிகளை நட்டார். 1949இல் நட்ட அந்தக் கொடிகள்தான் இன்று மான்டே பெல்லோ தோட்டத்தின் முதியவை.

அடுத்து வந்தவர்கள் விவசாயிகளே அல்ல. ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தின் பொறியாளர்கள் நால்வர், 1959இல் வார இறுதியைக் குடும்பத்தோடு கழிக்க ஓர் இடம் வேண்டும் என்று இந்த நிலத்தை வாங்கினார்கள். அவர்களில் ஒருவரான சார்லி ரோசன், தானே வழி யோசித்து நகர்ந்த 'ஷேக்கி' என்ற ரோபோவை உருவாக்கிய செயற்கை நுண்ணறிவு மையத்தை நிறுவியவர். இன்னொருவர் டேவ் பெனியன். பத்து வயதுக் கொடிகளிலிருந்து அந்த ஆண்டே கால் பீப்பாய் ஒயின் செய்து பார்த்தார்கள். பள்ளத்தாக்கில் கணினி, மலையில் ஒயின் என்று இருவேலை பார்த்தவர்களை, அந்தக் கால் பீப்பாயின் தரம் 1962இல் ரிட்ஜ் என்ற முறையான ஒயின் ஆலையைத் தொடங்கும் அளவுக்கு இழுத்துவிட்டது.

1969இல் பால் டிரேப்பர் வந்து சேர்ந்தார். ஸ்டான்ஃபோர்டில் தத்துவம் படித்தவர். சிலி நாட்டில் ஒயின் செய்து பழகியவர். ஒயின் தயாரிப்பில் கல்லூரிப் பட்டம் கிடையாது. பழைய புத்தகங்களையும் தன் நாக்கையும் நம்பினார். கடையில் வாங்கிய ஈஸ்ட் சேர்க்காமல், பழத்தோடு தோட்டத்திலிருந்து வரும் ஈஸ்டையே நொதிக்கவிட்டார். பிரெஞ்சு ஓக் பீப்பாய்தான் உயர்வு என்று மற்றவர்கள் ஓடியபோது, வெளியில் காற்றாட உலர்த்திய அமெரிக்க ஓக்கையே பெரிதும் பயன்படுத்தினார். போட்டிக்குப் போன 1971 ஒயின் அவருடைய தொடக்க கால வேலை. 2016இல் அவர் ஓய்வுபெறும்வரை வழி மாறவில்லை. 1986இல் ஆலை ஜப்பானின் ஒட்சுகா நிறுவனத்தின் கைக்குப் போனபோதும் மாறவில்லை.

இன்றைய மான்டே பெல்லோ ஒரு கலவை ஒயின். கபெர்னே சொவிஞோன் பெரும்பங்கு, அதோடு மெர்லோ, பெத்தி வெர்தோ, கபெர்னே ஃபிரான். எல்லாம் ஒரே மலையில் விளைந்தவை. ஆனால் இத்தனை சதவீதம் என்று எழுதிவைத்த கணக்கு எதுவும் இல்லை. தோட்டத்தின் ஒவ்வொரு துண்டு நிலத்தின் பழத்தையும் தனித்தனியாக நொதிக்க வைக்கிறார்கள். அறுவடைக்குப் பிந்தைய ஆண்டின் தொடக்கத்தில் ஆலைக் குழுவினர் மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஓர் அடிப்படைக் கலவையை வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட துண்டின் ஒயினைச் சேர்த்த கோப்பை ஒன்று, சேர்க்காத கோப்பை ஒன்று என்று எது எதுவெனத் தெரியாமல் ருசிக்கிறார்கள். சேர்த்தது மேலாக இருந்தால் அந்தத் துண்டு உள்ளே. இல்லையென்றால் எவ்வளவு நல்ல ஒயினாக இருந்தாலும் வெளியே. அது தோட்டத்தின் இரண்டாவது ஒயினுக்குப் போகும். இந்தக் கண்டிப்புதான் மான்டே பெல்லோவின் உயிர் என்பது இத்தொடரின் கருத்து. ஒற்றைத் தோட்டம் என்ற பெருமை எங்கும் கிடைக்கும். தன் தோட்டத்து ஒயினையே தள்ளிவைக்கும் மனம் எல்லாரிடமும் இல்லை.

புட்டிக்குள் அடைத்தபின் நடப்பது வேதியியல். பழத்தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கும் டானின், இளம் ஒயினில் கொட்டைப்பாக்கைக் கடித்ததுபோல நாக்கை இழுக்கும். ஆண்டுகள் போகப்போக டானினும் நிறப்பொருள்களும் ஒன்றோடொன்று பிணைந்து பெரிய மூலக்கூறுகளாகின்றன. ஒரு பகுதி வண்டலாக அடியில் தங்கிவிடுகிறது. துவர்ப்பு மென்மையாகிறது. ஊதா கலந்த சிவப்பு செங்கல் நிறத்துக்கு மாறுகிறது. பழவாசனை அடங்கி, உலர்ந்த இலை, தோல், புகையிலை போன்ற வாசனைகள் எழுகின்றன. ஆனால் எல்லா ஒயினும் இப்படி முதிராது. பெரும்பாலானவை வெறுமனே கெட்டுப்போகும். டானின் வேண்டும், பழத்தின் செறிவு வேண்டும், புளிப்பு கட்டாயம் வேண்டும். குளிர்ந்த மலையில் தங்கிய புளிப்பு 1971 ஒயினை முப்பத்தைந்து ஆண்டு தாங்கியது இப்படித்தான்.

2011 அறுவடையிலிருந்து ரிட்ஜ் இன்னொரு நல்ல காரியம் செய்கிறது. புட்டியின் பின்பக்கச் சீட்டில் ஒயினில் சேர்த்தவற்றையெல்லாம் அச்சிடுகிறது. அமெரிக்கச் சட்டம் அதைக் கேட்பதில்லை. நிறமேற்றி, புளிப்பு கூட்டி, மணம் சரிசெய்து விற்கும் தொழிலில் இதை மற்றவர்களும் பின்பற்ற வேண்டும்.

சான் ஹோசே பக்கம் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் வாசகர்கள் ஒரு நாளை இந்த மலைக்கு ஒதுக்குங்கள். ஒயின் ஆலையில் பார்வையாளர்களுக்குச் சுவைக்கூடம் உண்டு; முன்பதிவு செய்துகொண்டு போவது நல்லது. மலைச்சாலை குறுகலானது, வளைவுகள் அதிகம். ருசித்துவிட்டு இறங்கும்போது வண்டியைக் குடிக்காதவர் ஓட்டட்டும்.

(அடுத்த வாரம்: லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கு)