சர்க்கரைக் கத்தரிக்காய்

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் மாலை, வெளியே தூறல் விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த வேளையில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைமீது, சுண்டுவிரல் நுனியளவே ஆன கத்தரிக்காய் ஒன்று, பச்சைக் காம்பும் ஊதா மினுமினுப்பும் சற்றும் குறையாமல் கிடக்கக் கண்டேன். பிஞ்சிலேயே யாரோ பறித்துவிட்டார்கள் போலும் என்று எண்ணி அதை எடுக்கப் போனபோது, "அப்பா, தொடாதீங்க, இன்னும் காயலை" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. அது சர்க்கரையால் செய்த கத்தரிக்காய். என் மகளோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்திக்கு அந்த வாரம் பிறந்தநாள். அவள் தன் வீட்டு மொட்டைமாடியில் தொட்டி வைத்துக் காய்கறி பயிரிட்டு, விளைந்ததையெல்லாம் பையில் போட்டு அலுவலகத்துக்குக் கொணர்ந்து வேண்டியவர் வேண்டாதவர் எல்லாருக்கும் வழங்கும் சுபாவம் உடையவளாகையால், அவளுக்கு ஒரு மாடித்தோட்டத்தையே பன்னிரண்டு கப்கேக்குகளின் தலையில் நட்டுக் கொடுப்பது என்று தீர்மானித்திருந்தார்கள். இந்தத் தொழிலில் பழகியவர்கள் இவ்வாறு ஒரே எண்ணத்தைச் சுற்றி அலங்காரம் அமைப்பதைத் 'தீம்' என்கிறார்கள். மூன்று நாட்கள் நான் உடனிருந்து, உபகாரம் செய்வதாக எண்ணிக்கொண்டு உபத்திரவம் செய்த பலனாக, இந்தக் கைத்தொழிலின் உட்பொருளை ஓரளவு தெரிந்துகொண்டேன்.

கப்கேக் என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் ஒரே வேளையில் தின்று முடிக்கக்கூடிய அளவில், காகிதக் கிண்ணத்துக்குள் வெந்து மேலெழும் சிறிய கேக் அது. 1796-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அமீலியா சிம்மன்ஸ் என்ற அம்மையார் வெளியிட்ட சமையல் நூலில், மாவைச் சிறு கிண்ணங்களில் ஊற்றிச் சுடுமாறு ஒரு குறிப்பு உண்டு. 1828-இல் இலைசா லெஸ்லி என்பவரின் நூலில் அந்தப் பெயரே வந்துவிட்டது. ஆனால் அக்காலத்தில் அப்பெயரைச் சிலர் கிண்ணத்தில் சுட்டதற்கும், வேறு சிலர் மாவையும் சர்க்கரையையும் தராசில் நிறுக்காமல் கிண்ணத்தால் அளந்து செய்ததற்கும் வழங்கினார்கள் என்பதால், எது எதனால் கப்கேக் ஆயிற்று என்பதில் ஒரு சின்ன மயக்கம் இருக்கவே செய்கிறது. நாழியால் அளந்து பழகிய நமக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை.

வியப்பெல்லாம் அதன்மேல் போர்த்தும் ஃபாண்டன்ட் என்னும் வஸ்துவில்தான் இருக்கிறது. பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்கு 'உருகுவது' என்று பொருள். சர்க்கரை என்ற நம் சொல்லுக்கு மூலமான 'சர்க்கரா' என்னும் வடசொல்லுக்கோ, ஆதியில் பரற்கல் என்பதே அர்த்தம். பல்லில் நறநறவென்று கடிபடுவதைக் கண்டு நம் முன்னோர் சரளைக்கல்லின் பெயரையே அதற்கு இட்டார்கள். அந்தப் பெயரே பாரசீகம், அரபு தேசம் வழியாக ஐரோப்பா சென்று, அங்குள்ள பாஷைகளில் எல்லாம் சர்க்கரைக்குப் பெயராயிற்று. கல் என்று பெயர் பெற்ற பொருளை, கல்லின் தன்மை ஒரு துளியும் நாக்குக்குத் தட்டாதபடி உருகச் செய்வது எப்படி என்ற கேள்விக்கு, மிட்டாய்க்காரர்கள் கண்ட விடையே ஃபாண்டன்ட்.

அந்த விடையைப் புரிந்துகொள்ள, அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும் நம் வீட்டு மூதாட்டியரைக் காட்டிலும் சிறந்த ஆசிரியர் இல்லை. ஒரு கிலோ தண்ணீர், சாதாரண நிலையில் ஏறக்குறைய இரண்டு கிலோ சர்க்கரையைக் கரைத்துக்கொள்ளும். கொதிக்கும்போதோ ஐந்து கிலோவை நெருங்கும் அளவுக்குக் கரைக்கும். ஆகவே பாகு கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகிப் போய், மிஞ்சிய கொஞ்ச நீருக்குள் அது சாதாரணமாகத் தாங்க முடியாத அளவு சர்க்கரை அடைபட்டு நிற்கிறது. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் விரலால் உருட்ட வருகிற பதம் வரும்போது, பாகின் வெப்பம் 112 முதல் 116 பாகை செல்சியஸ் வரை இருக்கும். அங்கே அடுப்பை அணைத்து ஆறவிட்டால், அடைபட்ட சர்க்கரை எப்படியாவது வெளியேறிப் படிகமாகிவிடத் துடிக்கும். அதற்கு அவகாசம் கொடுத்து, ஒரு நூலையும் தொங்கவிட்டு, அசைக்காமல் பல நாட்கள் விட்டுவைத்தீர்களானால், சில இடங்களில் மட்டும் தோன்றிய படிகங்கள் அமைதியாக ஒன்றன்மேல் ஒன்றாக வளர்ந்து கற்கண்டாகும். அவ்வாறன்றி, கை பொறுக்கும் சூடு வரும்வரை அசங்காமல் வைத்திருந்து, பிறகு மரத்துடுப்பால் விடாமல் அடித்துக் கலக்கினால், ஒரே கணத்தில் கோடானுகோடி இடங்களில் படிகம் பிறந்து, எதற்கும் வளர இடமில்லாமல், ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நின்றுவிடும். அவ்வளவு சிறிய துகளை நாக்கு துகளென்று உணர்வதில்லை. கண்ணாடிபோல் தெளிந்திருந்த பாகு கண்ணெதிரே பாலாக வெளுத்து, துடுப்பை இழுத்துப் பிடிக்கும் விழுதாகிறது. கற்கண்டும் ஃபாண்டன்ட்டும் ஒரே பாகின் இரு பிள்ளைகள். ஒன்று பொறுமையில் வளர்ந்தது, மற்றது அடியில் வளர்ந்தது.

இவ்விதம் காய்ச்சி அடித்தது ஊற்றும் ஃபாண்டன்ட். எக்லேர் போன்ற பிரெஞ்சுப் பலகாரங்களின் முதுகில் பளபளப்பதும், சில சாக்லேட்டுகளின் வயிற்றில் மெத்தென்று இருப்பதும் இதுவே. என் மகளின் கையில் கத்தரிக்காயானது இதன் தாயாதியான உருட்டும் ஃபாண்டன்ட். இதைப் பாகு காய்ச்சிச் செய்வதில்லை. ஒரு கிலோ ஐசிங் சர்க்கரைக்கு ஒரு மேசைக்கரண்டி ஜெலட்டினைத் தண்ணீரில் ஊறவைத்து இளக்கி, அதனுடன் அரைக் கிண்ணம் லிக்விட் குளுகோஸும் ஒரு கரண்டி கிளிசரினும் சிறிது வெண்ணிறக் கொழுப்பும் சேர்த்து, பூரிமாவைப்போல் பிசைந்துவிட வேண்டியதுதான். ஜெலட்டின் வலைபோல் நின்று இழுவையைத் தருகிறது. குளுகோஸ், சர்க்கரைத் துகள்கள் கைகோத்துப் பெருக்காமல் இடையே புகுந்து கெடுக்கிறது. கிளிசரினோ காற்றிலுள்ள ஈரத்தைப் பற்றி வைத்துக்கொண்டு மாவு வறண்டுபோகாமல் காக்கிறது. ஜெலட்டின் மாட்டின் எலும்பு, தோல் முதலியவற்றிலிருந்து எடுப்பதாகையால், சைவர்கள் வாங்கும்போது பொட்டலத்தின் பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொள்வது நலம். அவ்விதமான சரக்கில் தாவரப் பிசின்கள் அந்த வேலையைச் செய்கின்றன.

பிசின் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஜெலட்டின் பிற்காலத்தில் வந்த குறுக்குவழியே ஒழிய, மூத்தது பிசின்தான். ஈரான், துருக்கி மலைப்பகுதிகளில் முட்செடிகளிலிருந்து வடியும் டிராககாந்த் என்ற பிசினைப் பன்னீரில் ஊறவைத்து, அதில் சர்க்கரைப் பொடியைப் பிசைந்து, தட்டு, கிண்ணம், பழம் எனச் செய்து விருந்தின் முடிவில் அவற்றையே உடைத்துத் தின்னும் வழக்கம் பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருந்தது. அதற்கான செய்முறைகள் அக்காலத்துப் புத்தகங்களிலேயே உள்ளன. 1582-இல் இஸ்தான்புல்லில் சுல்தானின் மகனுக்கு நடந்த சுன்னத்து விழாவில் சர்க்கரை விலங்குகளை ஊர்வலமாகத் தூக்கிச் சென்றார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் பாரிஸில் புகழ்பெற்ற கரேம் என்ற சமையற்கலைஞர், நூலகத்தில் அமர்ந்து கட்டடச் சித்திரங்களைப் பார்த்துப் பார்த்து, கோயில்களையும் இடிந்த கோட்டைகளையும் சர்க்கரையில் எழுப்பினார். நம் பக்கத்துக் கர்நாடகத்தில் சங்கராந்தியன்று எள்ளுடன் பரிமாறிக்கொள்ளும் சக்கரை அச்சுக்களும் இந்தக் குலத்தைச் சேர்ந்தவையே என்றால் அங்குள்ளவர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இனி அந்தத் தோட்டத்துக்கு வருவோம். கேக்கின் தலையைச் சமமாக நறுக்கி, அதன்மேல் கனாஷைப் பூசினாள். இரண்டு பங்கு சாக்லேட்டுக்கு ஒரு பங்கு கிரீம் சேர்த்துக் குழைத்தது அது. சென்னை வெயிலில் வெண்ணெய்க் கிரீம் இளகி வழிந்துவிடும், கனாஷ் நிற்கும் என்பது அவள் அனுபவம். பழுப்பு நிறம் பிசைந்த ஃபாண்டன்ட்டை மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குச் சப்பாத்திக் குழவியால் தேய்த்து, வட்டக் கட்டரால் வெட்டி, அப்பளம் இடுவதுபோல் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் தடவிப் படியவைத்தாள். ஒட்டாமலிருக்கப் பலகையில் கார்ன்ஃப்ளார் தூவுவதுண்டு. ஆனால் கரிய நிறத்தின்மேல் அது விபூதி பூசியதுபோல் தெரியும் என்பதால், அன்று பலகைக்கும் குழவிக்கும் கொழுப்பே தடவப்பட்டது. மூடாமல் வைத்த மாவு பத்தே நிமிஷத்தில் மேல்தோல் வறண்டு, வளைத்தால் சுருக்கம் சுருக்கமாக வெடிக்கும். அதை யானைத்தோல் என்கிறார்கள். எனவே கையில் இருக்கும் துண்டைத் தவிர மற்றதெல்லாம் பிளாஸ்டிக் பைக்குள் இறுக மூடியே கிடந்தது. மேலே தூவிய மண், பொடித்த சாக்லேட் பிஸ்கட்.

காய்கறிகளுக்கான மாவில் டைலோஸ் என்ற பொடியைச் சிட்டிகை கலந்தாள். மரநாரிலுள்ள செல்லுலோஸிலிருந்து ஆக்கிய பிசின் அது. கலந்த மாவு ஓரிரவில் வடிவம் தளராமல் இறுகிவிடும். நிறத்துக்கு ஜெல் கலரையே பயன்படுத்த வேண்டும். தண்ணீராக இருக்கும் நிறத்தை ஊற்றினால் சர்க்கரை கரைந்து மாவு கையில் பசையாகிவிடும். சிவப்பு மட்டும் பிடிவாதமானது. தக்காளிக்கு வேண்டிய சிவப்பைக் கொண்டுவர எவ்வளவு கலந்தாலும் ரோஜா நிறத்திலேயே நிற்கும். மேலும் மேலும் கலந்தால் கசக்கும். போதுமென்று தோன்றும் இடத்தில் நிறுத்தி ஓரிரவு பொதிந்து வைத்தால், நிறம் தானாகவே ஆழமாவதை மறுநாள் காணலாம்.

கத்தரிக்காய் செய்ததைப் பக்கத்தில் அமர்ந்து பார்த்தேன். கொண்டைக்கடலை அளவு ஊதா மாவை எடுத்து, விரிசல் போகும்வரை உள்ளங்கைகளுக்கிடையில் உருட்டினாள். சுண்டுவிரலின் பக்கவாட்டை ஒரு முனையில் வைத்து முன்னும் பின்னுமாக நான்கு முறை உருட்ட, அந்த முனை மெலிந்து கழுத்தாயிற்று. லேசாக ஒரு வளைவு கொடுத்தாள்; நேராக இருந்தால் அது பொம்மைக் கத்தரிக்காயாகத் தோன்றும், வளைந்தால்தான் செடியில் காய்த்தது. பச்சை மாவை வெற்றிலையைவிட மெல்லியதாகத் தேய்த்து, ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று வெட்டி, நனைத்துப் பிழிந்த தூரிகையால் ஒரு பொட்டு ஈரம் வைத்துத் தலையில் ஒட்டி, முனைகளைக் கீழே மடித்துவிட்டாள். ஊசியால் நடுவில் ஒரு துளை. அதில் அரிசிமணி அளவு காம்பு. அந்த ஒரு பொட்டு ஈரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. குறைந்தால் ஒட்டாது, மிகுந்தால் தொப்பி வழுக்கிக்கொண்டு முகத்தில் வந்து விழும். வெண்டைக்காயின் வரிகளைக் கத்தியின் முதுகால் இழுத்தாள். மிளகாய் எனக்கும் வந்தது.

நீரை விரட்டியும், கொஞ்சம் கட்டிவைத்தும், ஒரு பொட்டு இரவல் வாங்கியும் நடத்தும் தந்திரமே இந்தக் கலை முழுவதும் என்பது அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது. சுத்தமான சர்க்கரை, காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்தை அடையும்வரை ஒருவாறு தாக்குப்பிடிக்கும். கிளிசரினும் குளுகோஸும் கலந்த ஃபாண்டன்ட் அதற்கு முன்பே வேர்க்கத் தொடங்கிவிடும். மழைநாளில் சென்னைக் காற்று எப்படி இருக்குமென்று நான் சொல்ல வேண்டியதில்லை. "ஃபிரிட்ஜில் வைத்துவிடேன்" என்று யோசனை சொன்னேன். அதைவிடத் தவறான யோசனை கிடையாது. 32 பாகை வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, ஏறக்குறைய 26 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளைத் தொட்டாலும் பனித்துளியாகப் படியும். ஃபிரிட்ஜிலிருந்து வெளிவரும் கேக்கின் குளிர்ச்சியோ நான்கைந்து பாகை. வெளியே எடுத்த சில நிமிஷங்களில் தோட்டம் முழுவதும் ஒட்டிப் பிசுபிசுத்து, நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று வழியும். ஏ.சி. அறையில், அட்டைப்பெட்டியில், மூடி சற்றே திறந்தபடி வைப்பதே முறை. அட்டை கொஞ்சம் ஈரத்தைத் தானே குடித்துக்கொள்ளும்.

என் உபகாரத்தின் உச்சம் மறுநாள் நிகழ்ந்தது. மழை வெறித்து நல்ல வெயில் அடிக்கவே, கத்தரி வற்றல் காயவைத்துப் பழகிய கையல்லவா, ஆறு கத்தரிக்காய்களையும் தட்டோடு எடுத்துப்போய்க் கண்ணாடி ஜன்னலோரம் வெயிலில் வைத்தேன். மாலையில் பார்த்தால் அவை கத்தரிக்காயாக இல்லை. சாம்பல் நீலத்தில், எந்தச் சந்தையிலும் கிடைக்காத ஒரு காயாக இருந்தன. ஊதா என்பது சிவப்பும் நீலமும் சேர்ந்த கலவை. எரித்ரோசின் போன்ற இளஞ்சிவப்புச் சாயங்கள் ஒளிபட்டால் சிதைந்து வெளுத்துவிட, நீலம் மட்டும் தனித்து நிற்கும். மகள் ஒன்றும் சொல்லவில்லை. இரவு பதினொரு மணிக்கு மறுபடியும் ஊதா மாவைப் பிசைந்தாள். அதைக் காட்டிலும் இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஃபாண்டன்ட்டின்மேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு. அதை மறைப்பது நியாயமாகாது. அதற்கு இனிப்பு உண்டே தவிர ருசி என்று ஒன்றில்லை. விருந்துகளில் பலர் அதைத் தோலாக உரித்துத் தட்டோரம் ஒதுக்கிவிட்டு, உள்ளேயிருக்கும் கேக்கை மட்டும் உண்பதைக் கண்டிருக்கிறேன். கேக்கை முழுதும் கனமாகப் போர்த்துகிறவர்கள் அந்தக் குற்றத்துக்கு உடந்தையானவர்கள் என்பதே என் அபிப்பிராயம். கப்கேக்கில் மெல்லிய வட்டம் ஒன்றும், மேலே ஒரு காயும் என்று நிறுத்திக்கொண்டால், கனாஷின் லேசான கசப்பு அந்த இனிப்பைத் தாங்கிக்கொள்கிறது.

வெள்ளிக்கிழமை காலை அந்தப் பெட்டி, ஏ.சி. போட்ட வாடகைக் காரில், மகளின் மடியில் பயணப்பட்டது. தோட்டக்காரி மெழுகுவத்தியை ஊதியணைத்துவிட்டு, கத்தரிக்காய் இருந்ததைத் தின்ன மனம் வராமல் தன் மேசையில் கணினியின் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டாளாம். சனி, ஞாயிறு அலுவலகம் விடுமுறை. திங்கட்கிழமை அவள் வந்து பார்த்தபோது, ஜன்னலிலிருந்து மேசைவரை ஒரு கறுப்புக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. எறும்புகள் காம்பிலிருந்து ஆரம்பித்திருந்தன.