பின்தங்கிய அணியும் மலையக ரசிகனின் நம்பிக்கையும்

தனது அணி ஒரு தொடரில் பின்தங்கி நிற்கும் வேளையில் ரசிகன் கொள்ளும் நம்பிக்கையை வெறும் ஆசையென ஒதுக்கிவிடுவோர் பலர். ஆனால் அந்த நம்பிக்கைக்கும் ஒரு கணக்கு உண்டு. மலையகத்தைப் பொறுத்தவரை அதற்கு வேறொரு பொருளும் உண்டு. 2012 ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவில் நடைபெற்ற முக்கோண ஒருநாள் கிரிக்கெட் தொடர் இவ்விரண்டையும் ஒருசேர நமக்கு எடுத்துக்காட்டியது.

அத்தொடரில் அவுஸ்திரேலியா, இந்தியா, இலங்கை ஆகிய மூன்று அணிகள் மோதின. மார்ச் 2 ஆம் திகதி மெல்பேர்ணில் இலங்கை வென்றால் இலங்கைக்கு இறுதிச் சுற்று, தோற்றால் இந்தியாவுக்கு. இலங்கை 9 ஓட்டங்களால் வென்றது, இந்தியா வெளியேறியது. நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களில் வாழும் இளைஞர்களை நோக்கி வழமையாக எறியப்படும் ஒரு கேள்வி இங்கே நினைவுக்கு வருகிறது. "நீ எந்த அணியின் பக்கம்?" என்ற கேள்விதான் அது. முஸ்லிம் இளைஞனிடம் பாகிஸ்தானைக் குறித்துக் கேட்கப்படுவதும் இதே கேள்வியே. 1948 ஆம் ஆண்டின் சட்டத்தால் குடியுரிமை இழந்து, 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரையில் அதன் எச்சங்களைச் சுமந்த ஒரு சமூகத்திடம் இவ்வாறு கேட்பது விளையாட்டுப் பேச்சு அல்ல. விரும்பிய அணியை ஆதரிக்கும் உரிமை எவருக்கும் உண்டு என்பது ஒருபுறமிருக்க, தோல்வியின் விளிம்பில் நிற்கும் இலங்கை அணிக்காகத் தோட்டங்களில் எத்தனை பேர் ஏங்கியிருக்கிறார்கள் என்பதைக் கேள்வி எழுப்புவோர் கவனிப்பதில்லை.

மூன்று ஆட்டங்கள் கொண்ட இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம் மார்ச் 4 இல் பிரிஸ்பேனில் நடந்தது. டேவிட் வோர்னர் 163 ஓட்டங்களைக் குவிக்க, அவுஸ்திரேலியா 321 ஓட்டங்களைப் பெற்றது. கடைவரிசையில் வந்த நுவன் குலசேகர 73 ஓட்டங்களை விளாசியும் இலங்கை 306 இல் ஆட்டமிழந்தது. இனி எஞ்சிய இரண்டையும் வென்றாக வேண்டும். இரு அணிகளும் சமபலம் கொண்டவை எனக் கொண்டால், அதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று மட்டுமே. ஆனால் அதே தொடரின் ஆரம்பச் சுற்றில் இவ்விரு அணிகளும் நான்கு முறை சந்தித்து, இலங்கை மூன்று முறை வென்றிருந்தது. அந்த விகிதத்தை அப்படியே வைத்துக் கணித்தால் வாய்ப்பு பதினாறில் ஒன்பதாக உயர்கிறது. நான்கு ஆட்டங்களைக் கொண்டு இவ்வளவு பெரிய முடிவுக்கு வரலாமா என்று கணித ஆசிரியர்கள் முகஞ்சுளிக்கக்கூடும். எனினும், ரசிகனின் நம்பிக்கை காற்றில் கட்டிய கோட்டை அல்ல என்பதை உணர்த்த இது போதுமானது.

வரலாறும் அவனுக்குத் துணைநின்றது. 1995 இல் பாகிஸ்தானுக்குச் சென்ற அர்ஜுன ரணதுங்கவின் அணி பெஷாவர் டெஸ்டில் இன்னிங்ஸ் தோல்வி கண்டது. பின்னர் பைசலாபாத்திலும் சியால்கோட்டிலும் வென்று தொடரையே கைப்பற்றியது. 2006 இல் இங்கிலாந்தில் பின்தங்கியிருந்தபோது, ட்ரென்ட் பிரிட்ஜ் மைதானத்தில் முத்தையா முரளிதரன் 70 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகளை வீழ்த்தித் தொடரைச் சமப்படுத்தினார். கிரிக்கெட்டுக்கு வெளியே, வட அமெரிக்கப் பனி ஹொக்கியில் ஏழு ஆட்டங்கள் கொண்ட சுற்றில் முதல் மூன்றையும் இழந்த அணி பின்னர் நான்கையும் வென்ற அதிசயம் 1942, 1975, 2010, 2014 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்துள்ளது.

2012 இல் முரளிதரன் அணியில் இல்லை. முந்தைய ஆண்டின் உலகக் கிண்ண இறுதியாட்டத்துடன் அவர் விடைபெற்றிருந்தார். மலையகத்தார் தம்மவர் எனக் கொண்டாடிய ஒரே பெயர் பட்டியலில் இல்லாதபோதும் தோட்டத்து நம்பிக்கை குன்றவில்லை என்பதே நாம் இங்கு அழுத்திக்கூற விரும்புவது. அவரைப் போன்ற இன்னொருவர் ஏன் எழவில்லை என்பதற்கும் விடை தேடவேண்டும். முரளிதரன் கண்டி நகரில் பிஸ்கட் உற்பத்தி செய்த குடும்பத்தின் பிள்ளை. கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி அவருக்குக் கடினப்பந்தையும் ஆடுகளத்தையும் பயிற்றுநரையும் தந்தது. லயன் அறையில் வளரும் சிறுவனுக்குக் கிடைப்பதோ மென்பந்தும், சரிவில் ஒருவாறு சமன் செய்த ஒரு துண்டு நிலமும் மட்டுமே. ஹட்டனுக்கு அருகே டராவலையில் துரைமார் தமக்கென அமைத்த கழகத்தில் கிரிக்கெட் நெடுங்காலமாக ஆடப்பட்டு வந்தது. அந்த மைதானத்தைச் சூழ்ந்த மலைகளில் கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகளுக்காக அது அமைக்கப்படவில்லை.

அடிலெய்டு நேரம் நமது நேரத்தை விட அப்போது ஐந்து மணித்தியாலம் முந்தியிருந்தது. அங்கு பிற்பகலில் தொடங்கும் ஆட்டம் இங்கு முற்பகலில், தோட்டத்தில் வேலை மும்முரமாக நடக்கும் பொழுதில் வந்து சேரும். மார்ச் 6 செவ்வாய்க்கிழமை. தில்ஷான் 106, அணித்தலைவர் மஹேல ஜயவர்தன 80. அவுஸ்திரேலியாவின் 271 ஓட்டங்களை இலங்கை இரண்டு விக்கெட்டுகளை மட்டுமே இழந்து கடந்தது. தொடர் 1-1 எனச் சமனானது.

மார்ச் 8 இல் அதே மைதானத்தில் மூன்றாவது இறுதி. பந்துவீச்சாளர்கள் அவுஸ்திரேலியாவை 231 ஓட்டங்களுக்குள் மடக்கினர். உபுல் தரங்க 71 ஓட்டங்கள் எடுத்து ஒருபக்கம் தாங்கி நின்றார். மறுபக்கம் கிளின்ட் மக்கே ஐந்து விக்கெட்டுகளைச் சாய்த்தார். இலங்கை 215 இல் ஆட்டமிழந்தது. முதல் இறுதியில் 15 ஓட்டங்களால் நழுவிய வெற்றி, இம்முறை 16 ஓட்டங்களால் நழுவியது.