ட்ரோன் பேட்டரிக்கு வயது எத்தனை?



"எங்கள் சபைப் பெண்கள் சங்கத்தார் சேர்ந்து, கிராமத்து மகளிர் குழு ஒன்றுக்கு மருந்தடிக்கும் ட்ரோன் வாங்கிக் கொடுக்கலாமா?" என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பதில் சொல்லுமுன், ட்ரோனைப் பற்றியல்ல, அதன் வயிற்றில் கட்டியிருக்கும் பேட்டரியைப் பற்றிச் சில காரியங்களை உங்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

அச்சரப்பாக்கம் சுற்றுவட்டாரம் ஏரிப்பாசன நெல் பூமி. சம்பா, நவரை, சொர்ணவாரி என்று பருவத்துக்குப் பருவம் மருந்தடிக்கிற வேலை வரும். முதுகில் தெளிப்பானைச் சுமந்து சேற்றில் நடக்கிறவர், தான் அடிக்கும் மருந்துக்குள்ளேயே நடக்கிறார், அதைச் சுவாசிக்கிறார். மருத்துவமனையில் இருக்கும் எங்களுக்கு அதன் விளைவு தெரியும். ட்ரோன் வந்தால் அவர் வரப்பில் நின்றுகொள்ளலாம். ஓர் ஏக்கர் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 2023 நவம்பரில் மத்திய அரசு 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன் கொடுக்க 1,261 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் வரை மானியம். அந்தத் திட்டத்தின் பொருள் பட்டியலைப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும்: ட்ரோனோடு வரும் பேட்டரி போக, மேலும் நான்கு செட் பேட்டரிகள். ஐந்து செட் மாற்றி மாற்றிப் போட்டால்தான் ஒரு நாளில் 20 ஏக்கர் வரை முடிக்கலாம் என்பது கணக்கு.

இந்தப் பக்கத்தில் மருந்தடிக்கும் வேலை செய்யும் ஒரு சகோதரியைச் சந்தித்தோம். அவரிடமும் ஐந்து செட். இரண்டாம் எண் எழுதிய பேட்டரியை எடுத்துக் காட்டினார். தலையணை போல் உப்பியிருந்தது. "அஞ்சும் ஒரே நாள்ல வந்ததுங்க. வருஷம் ஒண்ணுதான் ஆவுது. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு, இது மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டார்.

கேள்வியிலேயே பதில் இருந்தது. ஒரே நாளில் வந்த ஐந்துக்கும் வயது ஒன்றல்ல. பேட்டரியின் வயதை நாட்காட்டி பாதிதான் சொல்லும். மீதியைச் சொல்வது, எத்தனை முறை நிரம்பி எத்தனை முறை காலியானது என்ற கணக்கு. இதைத்தான் சார்ஜ் சுற்று என்கிறார்கள்.

லித்தியம் பேட்டரிக்குள் லித்தியம் அயனிகள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போய் வருகின்றன. சார்ஜ் ஏற்றும்போது ஒரு திசை, பறக்கும்போது எதிர்த் திசை. ஒவ்வொரு பயணத்திலும் மிகக் கொஞ்சம் லித்தியம் வழியிலேயே தங்கி, உள்ளே மெல்லிய படலமாகப் படிகிறது. உப்புத் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தைச் சுரண்டிக் கழுவலாம்; இதைக் கழுவ முடியாது. படலம் தடிக்கத் தடிக்கக் கொள்ளளவு குறையும், உள்தடை ஏறும், பறக்கையில் சூடும் அதிகமாகும். புதிதில் இருந்த கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு வந்துவிட்டால், பறப்பதற்கு அது ஓய்வு பெறும் வயது என்பது பொதுவான வழக்கம்.

ஒரு சுற்று என்றால் ஒரு முறை சார்ஜரில் மாட்டியது என்று பலர் நினைக்கிறார்கள். சரியான கணக்கு அதுவல்ல. பாதி காலியாக்கி நிரப்பி, மறுபடி பாதி காலியாக்கி நிரப்பினால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு முழுச் சுற்று. சில உயர்ந்த ரகப் பேட்டரிகளுக்குள் சிறு சில்லு இருந்து தானே எண்ணிவிடும்; கைபேசிச் செயலியில் பார்த்துக்கொள்ளலாம். அப்படி இல்லாதவற்றுக்கும் வழி உண்டு. எவ்வளவு ஏற்றினோம் என்பதைச் சார்ஜரே மில்லிஆம்பியர்-மணிக் கணக்கில் காட்டும். உதாரணமாக, 16,000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று நாளில் நான்கு ஏக்கருக்குப் பறந்தது. சார்ஜர் ஒவ்வொரு முறையும் சுமார் 11,200 ஏற்றியது. மொத்தம் 44,800. அதைப் 16,000 ஆல் வகுத்தால் 2.8 சுற்று. அன்றைய தேதிக்கு நேராக 2.8 என்று எழுதினால் போதும். பள்ளிக்கூட நோட்டும் பென்சிலும் போதுமான காரியம் இது.

சாதாரண லித்தியம் பாலிமர் பேட்டரி 200 முதல் 300 சுற்று தாங்கும். வருடத்தில் 60 நாள் இப்படி வேலை செய்தால் ஒரு செட்டுக்கு 168 சுற்று ஆகிவிடும். அதாவது, நீங்கள் அன்போடு வாங்கிக் கொடுக்கும் ட்ரோனுக்கு இரண்டு வருடம் முடிவதற்குள் பேட்டரிகள் எல்லாவற்றையும் புதிதாக வாங்கவேண்டி வரலாம். அந்தப் பணத்தை யார் கொடுப்பது? கணக்குக்காக ஒரு செட் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 300 சுற்று தாங்கினால் சுற்றுக்கு 100 ரூபாய், ஏக்கருக்கு 0.7 சுற்று என்றால் 70 ரூபாய். வாங்குகிற கூலியில் ஏக்கருக்கு 70 ரூபாயை முதல் நாளிலிருந்தே தனியாக எடுத்து வைக்காத குழு, கூலியைச் சம்பாதிக்கவில்லை, பேட்டரியைத்தான் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுச் சாப்பிடுகிறது. இயந்திரம் கொடுக்க நாலு பேர் முன்வருவார்கள், பேட்டரி மாற்ற ஒருவரும் வருவதில்லை என்பது மருத்துவமனையில் இன்வெர்ட்டர் வைத்திருக்கிற எங்களுக்கும் பழகின சங்கதி.

இனி அந்த இரண்டாம் எண்ணுக்கு வருவோம். விசாரித்தபோது தெரிந்தது: பெட்டியில் அதுதான் எப்போதும் மேலே இருக்கும். கைக்கு எட்டினதை எடுத்து மாட்டுவது மனித சுபாவம். மற்றவை ஒரு முறை பறந்தால் இது இரண்டு முறை பறந்திருக்கிறது. அதோடு, மழை வரும்போல் இருந்ததால் வேலை நின்றுபோன ஒரு நாளில் முழுச் சார்ஜோடு வீட்டுக்கு வந்து, தகரக் கூரை அறையில் சித்திரை, வைகாசி முழுவதும் அப்படியே இருந்திருக்கிறது. முழுச் சார்ஜும் வெயில் சூடும் சேர்ந்தால், பறக்காமலே பேட்டரி கெடும். உள்ளே வாயு உண்டாகி உப்பும். ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் என்பது முழு நிறைவு. சில நாட்களுக்கு மேல் வேலை இல்லை என்றால் 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி, வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தில் வைக்கவேண்டும். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் விடக்கூடாது. 30 சதவீதம் மீதி இருக்கும்போதே தரையிறக்குவது நல்லது. இறங்கியவுடன் சூட்டோடு சார்ஜரில் மாட்டுவது, அவசரம் உள்ள இடங்களிலெல்லாம் நடக்கிற தவறு. கை வைத்தால் சூடு தெரியாத வரையில் காத்திருக்கவேண்டும். அதற்காகத்தான் ஐந்து செட்.

பல ட்ரோன்களில் இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து ஒரு செட் ஆக்குகிறார்கள். பழையதையும் புதியதையும் ஒருபோதும் ஜோடி சேர்க்கக்கூடாது. பலவீனமானது முதலில் காலியாகும். ட்ரோன் நடுவானில் இருக்கும்போதே அது தெரியவரும். நெல் வயலில் விழுந்தால் பண நஷ்டத்தோடு போகும். 2021 அக்டோபரில் மணிப்பூரில், பிஷ்ணுபூர் மருத்துவமனையிலிருந்து லோக்தாக் ஏரியில் உள்ள கராங் தீவுக்கு ட்ரோன் மூலம் தடுப்பூசி அனுப்பினார்கள். ஏறக்குறைய 15 கிலோமீட்டர், 12 முதல் 15 நிமிடத்தில். அப்படிப்பட்ட வேலையில் பேட்டரியின் நோட்டும் மருத்துவப் பதிவேடுதான்.

நோட்டில் இன்னொரு வரியும் வேண்டும். நல்ல சார்ஜர்கள் ஒவ்வொரு செல்லின் உள்தடையையும் மில்லிஓம் கணக்கில் காட்டும். மாதம் ஒரு முறை, பேட்டரி ஆறியிருக்கும்போது அதைக் குறித்து வைக்கவேண்டும். புதிதில் இருந்ததைப்போல் இரண்டு மடங்கு ஆகிவிட்டால், அல்லது ஒரு செல் மட்டும் மற்றவற்றை விட்டு விலகி ஏறினால், சுற்றுக் கணக்கு எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதைப் பறக்கவிடாதீர்கள்.

ஆகவே ட்ரோன் வாங்கிக் கொடுக்க விரும்பும் சங்கங்களுக்கு எங்கள் யோசனை: ட்ரோன் விலையைக் கேட்கும்போதே பேட்டரி விலையையும், எத்தனை சுற்றுக்கு உத்தரவாதம் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். ஆறு மாதம் கழித்துக் குழுவைப் பார்க்கப் போனால் புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், நோட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

அந்தச் சகோதரி இப்போது நோட்டுப் போட்டிருக்கிறார். பெட்டியில் பேட்டரிகள் எண் வரிசைப்படி நிற்கின்றன. பறந்து வந்தது கடைசிக்குப் போகிறது. உப்பிய இரண்டாம் எண்ணை வீட்டுக்கு வெளியே மணல் வாளியில் தனியே வைத்திருக்கிறார். 2022 ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. ஆகவே குப்பையிலோ பழைய இரும்புக் கடையிலோ போடாமல், விற்றவரிடமே ஒப்படைக்கச் சொல்லியிருக்கிறோம். அதற்குப் பதிலாகப் புதிதாக வாங்கியதற்கு அவர் இரண்டு என்று எண் போடவில்லை. பழைய கணக்கோடு கலந்துவிடும் என்று, ஆறு என்று போட்டிருக்கிறார்.