ஏறுமுன் இரண்டு காகிதம்

பிராகின் பழைய நகரச் சதுக்கத்தில், வானியல் மணிக்கூண்டு எப்போது அடிக்கும் என்று கூட்டம் அண்ணாந்து நின்றபோது, ஒருவர் எங்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டைத் திணித்துவிட்டுப் போனார். அதிலிருந்த படத்தில், ஹெல்மெட் போட்ட குடும்பம் ஒன்று ஆளுக்கொரு செக்வேயில், அதாவது நின்றுகொண்டே ஓட்டும் இருசக்கர மின்வண்டியில், நிற்கிறது. பின்னால் சார்லஸ் பாலத்துச் சிலைகள். ஒரு மணி நேரத்தில் ஊரைச் சுற்றிவிடலாமாம். அக்காவுக்கு முழங்கால் வலி. மூன்று நாளாகக் கல் பாவிய தெருக்களில் நடந்து நொந்துபோயிருந்தாள். அவள் மகனுக்கு வயது பன்னிரண்டு. வேறென்ன வேண்டும்? அன்றிரவே விடுதி அறையில் உட்கார்ந்து போனில் மூன்று பேருக்கும் பணம் கட்டிவிட்டேன்.

காலையில் கடைக்குப் போனதும் முதலில் எடை மெஷினைக் காட்டினார்கள். பையன் ஏறினான்: 38 கிலோ. 45 கிலோவுக்குக் கீழே இருந்தால் தர மாட்டார்களாம். முந்தின இரவு நான் பணம் கட்டிய பக்கத்தில் அப்படி ஒரு வரியே இல்லை. அடுத்து, எங்களை ஒரு வேனில் ஏறச் சொன்னார்கள். மலைக்கு மேலே பூங்காவுக்குப் போகிறோம் என்றாள் வழிகாட்டிப் பெண். சார்லஸ் பாலம்? அவள் சிரித்தாள். அங்கே செக்வே போகக் கூடாது, தடை வந்து பல வருஷம் ஆகிறது. வேனில் போக வர ஆகும் இருபது நிமிடமும் அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே சேர்த்தி. பிறகு ஆளுக்கொரு படிவம். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். படிக்காமலே கையெழுத்துப் போட்டோம்.

பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அக்கா ஒரு தடவை விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. ஆனால் அன்று மாலை, ஊரிலிருந்து கிளம்பும்போது வாங்கிய பயணக் காப்பீட்டு பாலிசியை முதல்முறையாகத் திறந்து படித்தேன். அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது. நாங்கள் பயந்தது பிராகில் கையெழுத்துப் போட்ட படிவத்துக்கு. பயந்திருக்க வேண்டியது சென்னையில் வாங்கிய பாலிசிக்கு.

முதலில் அந்தத் தடையைப் பற்றி. செக் நாட்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் 2016இல் ஒரு திருத்தம் வந்தது. செக்வே போன்ற வண்டிகளை எங்கே விடலாம், எங்கே கூடாது என்று உள்ளாட்சிகளே முடிவு செய்யலாம் என்றது அது. பிராக் மாநகராட்சி அதே ஆண்டு இறுதிக்குள் யுனெஸ்கோ பட்டியலில் 1992இல் இடம்பெற்ற தன் பழைய நகர மையத்தில் செக்வேயைத் தடை செய்துவிட்டது. குறுகலான நடைபாதை, தோளோடு தோள் உரசும் கூட்டம், அதற்குள் சத்தமே இல்லாமல் பின்னாலிருந்து வரும் வண்டி. அங்கே குடியிருப்பவர்கள் பொறுத்துப் பார்த்து அலுத்துப்போனார்கள். சிவப்பு வட்டத்துக்குள் செக்வே படம் போட்ட பலகைகளை இன்றும் பார்க்கலாம். அந்தப் பலகை பேசுவது வண்டியில் நிற்பவரோடு. வழிகாட்டியின் பின்னால்தான் போனேன் என்பதைப் போலீஸ்காரர் ஏற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அதனால் இப்போது சுற்றுலாக்கள் மலைப் பக்கம் நகர்ந்துவிட்டன: லெட்னா பூங்கா, ஸ்ட்ராஹோவ் சுற்றுப்புறம், 993இல் நிறுவப்பட்ட பிரெவ்னோவ் மடாலயம். இடம் மோசம் என்று சொல்ல மாட்டேன். லெட்னாவிலிருந்து பார்த்தால் வல்டவா ஆறும் அதன் பாலங்களும் வரிசையாகத் தெரியும். கீழே நின்று பார்க்கும் பிராகைவிட அது அழகு என்பேன். ஆனால் பாலத்தின் படத்தைக் காட்டிப் பூங்காவை விற்பது வேறு சங்கதி. பார்சிலோனாவும் 2017இல் இத்தகைய வண்டிகளுக்கு விதிகள் கொண்டுவந்தது. எந்தப் பழைய நகரமானாலும் பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை மூன்று. வண்டியில் ஏறும் இடம் எது? எந்தெந்தத் தெரு வழியாகப் போவோம்? சக்கரத்தின் மேல் நிற்கும் நேரம் எத்தனை நிமிடம்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும்.

இனி வண்டி. செக்வேயில் பிரேக் கிடையாது, ஆக்ஸிலரேட்டர் கிடையாது. உடம்பு முன்னால் சாய்ந்தால் ஓடும். பின்னால் சாய்ந்தால் நிற்கும். நீங்கள் சாய்வதை உள்ளே இருக்கும் உணரிகள் அறிந்து, நீங்கள் விழுவதற்குள் சக்கரத்தை உங்கள் காலடிக்குக் கொண்டுவருகின்றன. கால் தவறிய குழந்தையை ஓடிப்போய்த் தாங்கும் தாய் மாதிரி. நிறுத்துவதற்கு எங்கள் வழிகாட்டி சொல்லிக் கொடுத்த வித்தை: பின்னால் ஒரு நாற்காலி இருக்கிறது, அதில் உட்காரப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு இடுப்பைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். அக்காவுக்கு இது உடனே வந்துவிட்டது. எனக்கு வரப் பத்து நிமிடம் ஆயிற்று.

45 கிலோ வரம்பு எதற்கு என்பது இப்போது புரியும். சுற்றுலாக்களில் அதிகம் புழங்கிய ஐ2 மாடல் வண்டியே ஏறக்குறைய 48 கிலோ. 38 கிலோ பையன் பின்னால் சாய்ந்தாலும், இறக்கத்தில் அந்தச் சாய்வு வண்டியை அடக்கப் போதாமல் போகலாம். மேல்வரம்பு சுமார் 117 கிலோ. இரண்டும் தயாரிப்பாளர் வைத்த வரம்புகள். கடைக்காரர் கண்டிப்பாக இருந்தால் அவர் நல்லவர் என்று அர்த்தம். அவர் மேல் எனக்குள்ள குறை, அதை முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதுதான்.

விழுவது பெரும்பாலும் ஓட்டத்தில் அல்ல. இறங்கும்போது ஒரு காலைத் தரையில் வைத்து மறுகாலைப் பலகையிலேயே விட்டுவிட்டால், வண்டி உங்களை இழுத்துக்கொண்டு போகும். அக்கா விழுந்தது அப்படித்தான். ஒரு சக்கரம் மட்டும் நடைபாதை விளிம்பில் முட்டினால் வண்டி சட்டென்று திரும்பிவிடும். 2015இல் பெய்ஜிங் உலகத் தடகளப் போட்டியில் 200 மீட்டர் ஓட்டத்தை வென்றுவிட்டு நடந்துகொண்டிருந்த உசேன் போல்ட்டைப் பின்னாலிருந்து சாய்த்தது, ஓரத்துத் தண்டவாளத்தில் சக்கரம் இடித்துத் தடுமாறிய ஓர் ஒளிப்பதிவாளரின் செக்வே. பிராகின் உருண்டைக் கல் தளத்தைச் செக் மக்கள் ‘பூனைத் தலைகள்’ என்கிறார்கள். ஈரமான பூனைத் தலைகளும் டிராம் தண்டவாளப் பள்ளமும் இந்தச் சக்கரத்துக்கு ஆகாது. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடியுங்கள். புடவை வேண்டவே வேண்டாம். இரு பக்கமும் சக்கரம் சுற்றுகிறது.

இது விளையாட்டுச் சாமான் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு செய்தி. வாஷிங்டனில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு 2005 முதல் 2008 வரை செக்வேயில் அடிபட்டு வந்த 41 பேரைப் பற்றி மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். பத்துப் பேரை உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. 2010இல், செக்வே நிறுவனத்தை வாங்கியிருந்த ஜிமி ஹெசல்டன் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபரே தன் வீட்டருகே ஆற்றோரச் சரிவில் செக்வேயோடு விழுந்து இறந்தார். நாயோடு எதிரே வந்தவருக்கு வழிவிடப் பின்வாங்கியபோது நேர்ந்திருக்கலாம் என்று மரண விசாரணையில் சொல்லப்பட்டது. வண்டிக்கு அத்தனை சொந்தக்காரர். பாவம், மரியாதைக்கு ஒதுங்கப் போய்.

வண்டியின் வயதையும் கேளுங்கள். அசல் செக்வேயின் உற்பத்தி 2020 ஜூலையில் நின்றுவிட்டது. ஆகவே உங்கள் காலடியில் இருப்பது அசல் என்றால், அது அதற்கும் முந்தியது. 2003இல், அதுவரை விற்ற வண்டிகளையெல்லாம் திரும்ப அழைத்ததற்குக் காரணமே பேட்டரி இறங்கும்போது வண்டி ஆளைத் தாங்காமல் போகலாம் என்பதுதான். பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். ஐ2 போன்ற மாடல்களில் வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் ‘ஆமை’ பொத்தான் ஒன்று உண்டு. புதியவர் என்றால் அதைப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

இப்போது காகிதங்களுக்கு வருகிறேன்.

கடையில் நீட்டும் படிவம் அநேகமாக எல்லா ஊரிலும் ஒரே பாட்டைத்தான் பாடும்: என்ன நடந்தாலும் எங்களுக்குப் பொறுப்பில்லை. ஐரோப்பாவில் இந்த வரிக்கு அது காட்டும் அளவு பலம் இல்லை. நுகர்வோர் ஒப்பந்தங்களில் நியாயமற்ற நிபந்தனைகள் பற்றிய 1993ஆம் ஆண்டு ஐரோப்பிய நெறிமுறை, விற்பவரின் செயலாலோ அவர் செய்யத் தவறியதாலோ உயிரோ உடம்போ பாதிக்கப்பட்டால் அவர் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் நிபந்தனையை நியாயமற்றவை எனக் கருதக்கூடியவற்றின் பட்டியலில் முதலில் வைக்கிறது. செக் உரிமையியல் சட்டத்தின் 2898ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. மனிதரின் உடல் போன்ற இயற்கை உரிமைகளுக்கு ஏற்படும் கேட்டுக்கான இழப்பீட்டை முன்கூட்டியே விலக்கும் ஒப்பந்தத்தை அது கணக்கிலேயே எடுப்பதில்லை. பழுதான வண்டியைக் கொடுத்து நீங்கள் விழுந்தால், கையெழுத்துப் போட்டுவிட்டீர்களே என்பது முழுப் பதிலாகாது.

ஆனால் ஹெல்மெட்டைக் கழற்றினேன், குடித்திருந்தேன், சொன்ன வழியை விட்டு விலகினேன் என்றால் கதை வேறு. வண்டிக்குச் சேதமானால் நீங்கள் கட்ட வேண்டும் என்ற வரியும் அந்தப் படிவத்தில் இருக்கும். அதற்காக ஏறுமுன் வண்டியை நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். ஈடாக பாஸ்போர்ட் கேட்டால் கொடுக்காதீர்கள். இந்திய பாஸ்போர்ட் சட்டப்படி இந்திய அரசின் சொத்து. அடகு வைக்க அது நம்முடையதே அல்ல. நகல் கொடுக்கலாம், அல்லது கார்டில் முன்பணம் நிறுத்தி வைக்கலாம்.

இரண்டாவது காகிதம் பாலிசி. ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பதால் ஏதோ ஒன்றை வாங்கி, முதல் பக்கத்தை விசா கோப்பில் வைத்துவிடுகிறோம். விசா அலுவலகம் பார்ப்பது தொகையையும் தேதியையும். எதற்கெல்லாம் பணம் வராது என்ற பகுதி உள்ளே இருக்கிறது. அதில் செக்வே என்ற பெயர் இருக்காது. ‘சாகச விளையாட்டு’, ‘மோட்டார் வாகனம்’, ‘மது அருந்திய நிலை’, ‘ஏற்கெனவே உள்ள நோய்’ என்று இருக்கும். மின்மோட்டாரில் ஓடும் இந்த வண்டி இதில் எந்தப் பெட்டிக்குள் விழும்? அதை முடிவு செய்பவர், நீங்கள் எலும்பு முறிந்து கிடக்கும்போது கோப்பைப் புரட்டும் அதிகாரி. அக்காவின் முழங்கால் வலிக்கு மாத்திரைச் சீட்டு இருக்கிறது. அதே காலில் அடிபட்டிருந்தால் பழைய நோய் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்?

ஆகவே கிளம்புமுன் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல்: ‘வழிகாட்டியோடு, ஹெல்மெட் அணிந்து, செக்வேயில் செல்லும்போது விபத்து நேர்ந்தால் மருத்துவச் செலவு உண்டா? நான் வேறொருவர் மேல் மோதினால் மூன்றாம் நபர் பொறுப்பு உண்டா?’ இரண்டாவது கேள்வியைப் பலர் மறக்கிறார்கள். ஒரு பாட்டியை இடித்துத் தள்ளினால் வரும் செலவு நம் சொந்தச் செலவைவிடப் பெரிதாகலாம். பதில் ‘இல்லை’ என்றால் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் நடங்கள், பிராகில் டிராம் நன்றாக ஓடுகிறது.

விழுந்துவிட்டால், 112. ஐரோப்பா முழுக்க அவசரத்துக்கு அந்த எண்தான். எழுந்து நிற்க முடிந்தால் வண்டியின் எண், தரை, வழிகாட்டியின் பெயர், கையெழுத்திட்ட படிவம் எல்லாவற்றையும் படம் எடுங்கள். காப்பீட்டு உதவி எண்ணுக்கு அன்றே சொல்லிவிடுங்கள். தாமதம் என்பதே மறுக்க ஒரு காரணமாகலாம். மருத்துவமனை அறிக்கையும் ரசீதும் செக் மொழியில் இருந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். ‘சமாதானமாகப் போய்விட்டோம்’ என்று கடைக்காரர் நீட்டும் புதுக் காகிதத்தில் மட்டும் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். செக் சட்டத்தில் இழப்பீடு கேட்கப் பொதுவான காலவரம்பு மூன்று ஆண்டு.

பணத் தகராறு வேறு. இணையத்தில் வாங்கினால் 14 நாளில் ரத்து செய்யலாம் என்ற ஐரோப்பிய உரிமையை நம்பிப் போகாதீர்கள். குறிப்பிட்ட தேதிக்குப் பதிவு செய்த பொழுதுபோக்குச் சேவைக்கு அது பொருந்தாது. ஆனால் சேவையின் முக்கிய விவரங்களைப் பணம் வாங்குமுன் சொல்ல வேண்டும் என்ற கடமை, அந்த 14 நாள் உரிமையைத் தரும் அதே நெறிமுறையில் இருக்கிறது. நான் பிடித்துக்கொண்டது அந்த முனையை. எடை வரம்பு இல்லாத அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை இணைத்து, பையனின் பணத்தையும் வேன் நேரத்துக்கான பணத்தையும் கேட்டு, தராவிட்டால் செக் வணிக ஆய்வு அமைப்பில் புகார் செய்வேன், வங்கியில் கார்டு தாவாவும் போடுவேன் என்று எழுதினேன். நுகர்வோர் தகராறுகளை நீதிமன்றத்துக்கு வெளியே தீர்த்து வைப்பதும் அந்த அமைப்பின் வேலை. இதே சுற்றுலாவை இந்திய முகவரிடம் வாங்கியிருந்தால் பிராகுக்கே எழுத வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, காலவரம்பு இரண்டு ஆண்டு. எப்படித் தொடங்குவது என்று 1915இல் கேட்கலாம்.

பன்னிரண்டாம் நாள் பையனின் பணம் கார்டுக்குத் திரும்பி வந்தது. வேன் நேரத்தைப் பற்றி அவர்கள் வாயே திறக்கவில்லை. நானும் அதற்கு மேல் இழுக்கவில்லை. லெட்னாவில் நாங்கள் சுற்றி முடிக்கும்வரை அவன் பெஞ்சில் உட்கார்ந்து கீழே பாலங்களை எண்ணிக்கொண்டிருந்தான். பாலத்தில் ஒரு செக்வேயாவது தெரிகிறதா என்று கேட்டேன். “ஒண்ணுகூட இல்ல சித்தி,” என்றான்.